சி.என்.சி. செதுக்கு இயந்திரம் அடி தவறுவது ஏன்?

கடந்த மாரியில் ஒரு மாலைப் பொழுது, மீளக்குடியேறிய கிராமமொன்றிலிருந்து இளைஞன் ஒருவன் சாக்குப் பையொன்றுடன் எமது பட்டறைக்கு வந்தான். பையினுள் ஓரடிக்குச் சற்றுக் குறைந்த நீளமான வேப்பம் பலகை ஒன்று இருந்தது. அதில் 'விஞ்ஞான ஆய்வுகூடம்' என்று செதுக்கப்பட்டிருந்தது. எழுத்துக்கள் அழகாகவே விழுந்திருந்தன. ஆனால் ஞகரத்துக்கும் யகரத்துக்கும் கடைசி மகரத்துக்கும் மேலே இருக்க வேண்டிய குற்றுக்கள் மூன்றும் வலப்புறமாக விலகி, எழுத்துக்களுக்கு இடையில் அநாதைகளாக நின்றன.

"பாதர், போர்ட் பழுதாப் போச்சாம். புதுசு வாங்கவேணும் எண்டு சொல்லினம்" என்றான்.

பாடசாலையொன்றின் கதவுகளுக்காகப் பன்னிரண்டு பெயர்ப்பலகைகள் செய்து தருவதாக அவர்கள் பொறுப்பேற்றிருந்தார்கள். கெட்டுப்போனது மூன்றாவது பலகை. மூன்று குடும்பங்கள் கச்சான் விற்ற பணத்தைச் சேர்த்து வாங்கிய இயந்திரம் அது. இன்னொரு போர்ட் வாங்குவதென்றால் கடன்தான் பட வேண்டும். ஆகவே வாங்குவதற்கு முன்னர், பழுது எங்கே என்று பொறுமையாகத் தேடிப் பார்க்கலாம் என்று சொன்னோம். அந்தத் தேடலில் கற்றவற்றையும், எமது பட்டறையில் முன்னர் பட்டறிந்தவற்றையும் இங்கே எழுதுகிறோம். இவ்வகைச் சிறு இயந்திரங்கள் இப்போது பல ஊர்களுக்கும் வந்துவிட்டன. பழுது வந்தால் பார்க்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு.

இயந்திரம் தன் இடத்தை அறிவது எப்படி?

இராக்காலத்தில் விளக்கில்லாமல் வீட்டிலிருந்து கிணற்றடிக்குப் போகும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். வாசலிலிருந்து கிழக்கே நாற்பது அடி, பின்னர் தெற்கே பன்னிரண்டு அடி என்று எண்ணிக்கொண்டு நடக்கிறார். நடுவில் சேற்றில் ஒரு கால் வழுக்கி, வைத்த அடி வைத்த இடத்திலேயே நின்றுவிட்டாலும் அவர் எண்ணுவதை நிறுத்துவதில்லை. நாற்பது என்று எண்ணி முடித்ததும் திரும்பிவிடுவார். அதன் பின்னர் அவர் போகும் இடமெல்லாம் ஓரடி பிழையாகவே இருக்கும்.

எமது சிறிய செதுக்கு இயந்திரமும் இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு எண்ணுகின்ற ஒன்றுதான். அதிலுள்ள மோட்டர்கள் தண்ணீர்ப் பம்பியின் மோட்டரைப் போல ஒரே ஓட்டமாகச் சுழல்பவை அல்ல. ஒரு மின்துடிப்புக் கிடைத்தால் ஓர் அடி மட்டுமே நகரும். இவற்றை ஸ்டெப்பர் மோட்டர் என்பார்கள். பொதுவாகக் கிடைப்பவற்றில் ஒரு முழுச் சுற்றுக்கு 200 அடிகள். அதாவது ஓரடி 1.8 பாகை. மோட்டரை ஓட்டும் ட்ரைவர் என்ற சிறு சிப் ஒவ்வோர் அடியையும் மேலும் 16 நுண்ணடிகளாகப் பிரிக்கிறது. எனவே ஒரு சுற்றுக்கு 3,200 நுண்ணடிகள். 3018 என்று பெயர் பெற்ற இயந்திரங்களில் (ஏறத்தாழ 30 சென்ரிமீற்றருக்கு 18 சென்ரிமீற்றர் வேலைப்பரப்பு உள்ளவை) திருகுத்தண்டு ஒரு முறை சுற்றினால் மேசை பெரும்பாலும் 4 மில்லிமீற்றர் நகரும். 3,200ஐ 4ஆல் வகுத்தால் ஒரு மில்லிமீற்றருக்கு 800 நுண்ணடிகள். போர்ட்டில் இருக்கும் கட்டளை நிரல், 100 மில்லிமீற்றர் போக வேண்டுமானால் 80,000 துடிப்புக்களை அனுப்பிவிட்டு, மேசை போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பிக்கொள்ளும். போய்ச் சேர்ந்ததா என்று திரும்பிப் பார்க்கும் கண் இதற்கு இல்லை. தொழிற்சாலைகளிலுள்ள விலையுயர்ந்த இயந்திரங்களில் அச்சு நின்ற இடத்தை அளந்து திரும்பச் சொல்லும் கருவி இருக்கும். எமது விலைக்கு அது கிடைக்காது.

இந்தக் கட்டளை நிரலுக்கு கிறபிள் என்று பெயர். நோர்வே நாட்டவரான சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ரூட் 2009 இல் எழுதி, எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று விட்டுக்கொடுத்தது. இன்று இவ்வளவு மலிவாக இயந்திரம் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பாய்ந்ததா, ஊர்ந்ததா?

பழுதடைந்த பலகையைக் கையில் எடுத்ததும் நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வி, பிழை எப்போது நுழைந்தது என்பது. ஒரே இடத்தில் திடீரெனப் பாய்ந்து, அதன் பின்னர் எல்லாம் ஒரே அளவாக விலகி நிற்கிறதா? அல்லது வேலை போகப் போகச் சிறிது சிறிதாக ஊர்ந்து விலகியதா? இவ்விரண்டுக்கும் காரணங்கள் வேறு.

அந்த இளைஞனிடம், "தம்பி, எது முதலிலை வெட்டுப்பட்டது?" என்று கேட்டோம். எழுத்துக்கள் இடமிருந்து வலமாக முதலில் வெட்டப்பட்டன. குற்றுக்கள் கடைசியாக. அளவுகோலை வைத்துப் பார்த்தபோது மூன்று குற்றுக்களும் ஒரே அளவாக, 6 மில்லிமீற்றர் விலகியிருந்தன. ஊர்ந்திருந்தால் முதற் குற்றைவிட மூன்றாவது குற்று கூடுதலாக விலகியிருக்கும். ஆகவே இது பாய்ச்சல். கடைசி எழுத்தை வலது கரையில் முடித்துவிட்டு, முதற் குற்றுக்காக இடது பக்கம் விரைந்து போன அந்த ஒரே பயணத்தில்தான் அடிகள் தவறியிருக்கின்றன. இடப்பக்கம் போகையில் சில அடிகள் குறைந்தமையால் வந்து நின்ற இடம் வலப்பக்கமாக இருந்தது. கணக்கும் திசையும் பொருந்தின. பலகையைத் தூக்கி எறியாமல் கொண்டு வந்தானே, அது பெரிய உதவி. கெட்ட பலகைதான் முதற் சாட்சி.

இன்னுமோர் உபாயம். ஸ்டெப்பர் மோட்டரின் சுழலியில் 50 பற்கள் உண்டு. சுமை தாங்காமல் அது அடி தவறும்போது ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்கு வழுக்கிப் போய் நிற்கிறது. அதாவது நான்கு முழு அடிகள், 7.2 பாகை. எனவே மோட்டர் தவறவிட்ட பிழை எப்போதும் இந்த அளவின் மடங்காகவே இருக்கும். 4 மில்லிமீற்றர்த் திருகுத்தண்டில் இது 0.08 மில்லிமீற்றர் மட்டுமே. சாதாரண அளவுகோலால் இதைப் பிடிக்க முடியாது. பற்பட்டியால் இழுக்கப்படும் இயந்திரங்களில், 20 பற்களுள்ள கப்பி ஒரு சுற்றுக்கு 40 மில்லிமீற்றர் இழுக்குமாயின், ஒரு வழுக்கலே 0.8 மில்லிமீற்றர். அங்கே பிழை 0.8, 1.6, 2.4 என்று வந்தால் மோட்டர் தடுமாறியது என்றும், இடைப்பட்ட எண்கள் வந்தால் கப்பியோ இணைப்போ வழுக்கியது என்றும் ஊகிக்கலாம்.

பிழை என்று தோன்றி, பிழையல்லாதவை

இரண்டு விடயங்களை அடி தவறுதலுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஒன்று, அளவுப் பிழை. 100 மில்லிமீற்றர் போகச் சொன்னால் 98தான் போகிறது. திரும்பிவரச் சொன்னால் சரியாகத் தொடக்கப் புள்ளிக்கே வருகிறது. இங்கே அடியெதுவும் தவறவில்லை. மில்லிமீற்றருக்கு எத்தனை நுண்ணடி என்ற எண் பிழையாக உள்ளது. கிறபிளில் $100, $101, $102 என்பன மூன்று அச்சுக்களுக்குமான அந்த எண்கள். பழைய எண்ணைச் சொன்ன தூரத்தால் பெருக்கி, அளந்த தூரத்தால் வகுத்தால் புதிய எண் வரும். எனினும் திருகுத்தண்டு உள்ள இயந்திரத்தில் 800 என்று கணக்குச் சொன்னால் 800 என்றே விட்டுவிடுவது நல்லது என்பது எமது எண்ணம். அதை 816 ஆக்க வேண்டிவந்தால், பெரும்பாலும் அளந்த விதம் பிழை, அல்லது எங்கோ ஓர் ஆணி தளர்ந்திருக்கிறது. எண்ணை மாற்றித் தளர்ச்சியை மூடிவைத்தால் அது பின்னர் வேறு வடிவில் வரும்.

மற்றையது, இளக்கம். திருகுத்தண்டுக்கும் சுரைக்கும் இடையேயுள்ள சிறு இடைவெளி. லாண்ட்மாஸ்டர் கைபிடியைத் திருப்பும்போது முதலில் கொஞ்சம் சும்மா ஆடிவிட்டுப் பின்னர் பிடிப்பதைப் போன்றது. இளக்கம் இருந்தால் வட்டம் முட்டை வடிவாகும், மூலைகள் மழுங்கும். ஆனால் அது சேர்ந்துகொண்டே போவதில்லை. ஆயிரம் முறை போய் வந்தாலும் அதே அளவுதான் இருக்கும். இந்த வேறுபாட்டை அறியாமையால்தான் அந்த மூன்று குடும்பங்களுக்கும் இத்தொல்லை வந்தது. அதைப் பின்னர் சொல்கிறோம்.

மோட்டருக்கும் தண்டுக்கும் இடையில்

மின்சாரத்தைச் சந்தேகிப்பதற்கு முன்னர் இரும்பைச் சந்தேகியுங்கள். எமது பட்டறைக்கு வந்தவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை ஓர் அலன் கீயால் தீர்ந்த பழுதுகள்தான்.

மோட்டரின் அச்சு 5 மில்லிமீற்றர், திருகுத்தண்டு 8 மில்லிமீற்றர். இரண்டையும் கப்ளிங் என்ற அலுமினிய உருளை இணைக்கிறது. அதைப் பிடித்து வைத்திருப்பவை தலையில்லாத சின்னத் திருகாணிகள். இவை அதிர்வினால் மெல்ல மெல்லத் தளரும். தளர்ந்தால் மோட்டர் சரியாக எண்ணிச் சுழன்றுகொண்டிருக்க, தண்டு பின்தங்கும். பாரம் கூடிய இடங்களில் மட்டும் சிறிது சிறிதாக வழுக்குவதால் இதன் பிழை பெரும்பாலும் ஊர்ந்து வரும்.

கண்டுபிடிக்கும் வழி இலகுவானது. நிறப் பேனையால் மோட்டர் அச்சு, கப்ளிங், தண்டு ஆகிய மூன்றின் மேலாகவும் ஒரே நேர்கோடு போடுங்கள். ஒரு நாள் வேலை செய்த பின்னர் பாருங்கள். கோடு உடைந்திருந்தால் உடைந்த இடத்தில்தான் வழுக்கல். கோடு நேராகவே இருந்து பிழையும் வந்திருந்தால் கப்ளிங் குற்றமற்றது. பத்து ரூபாவும் செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் எவரும் போர்ட் மாற்றக் கூடாது.

இறுக்குவதற்கும் ஒரு முறை உண்டு. அச்சிலும் கப்ளிங்கின் துளையிலும் உள்ள எண்ணெயை முதலில் துடைத்தெடுங்கள். மோட்டர் அச்சின் ஒரு பக்கம் தட்டையாக வெட்டப்பட்டிருந்தால் ஒரு திருகாணி அந்தத் தட்டையின் மேல் செங்குத்தாக அமர வேண்டும். அதை முதலில் இறுக்கிவிட்டு மற்றதை இறுக்குங்கள். வட்டமான பக்கத்தில் எவ்வளவு இறுக்கினாலும் ஒரு நாள் வழுக்கும். திருகாணியின் புரியில் நீலநிறப் புரிப்பசை ஒரு துளி இட்டால் அதிர்வுக்குத் தளராது. சுருள் வெட்டுள்ள கப்ளிங்காயின் வெட்டுக்களில் வெடிப்பு உண்டா என்றும் பாருங்கள்.

அடுத்து, மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தண்டைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். மெதுவாக என்று சொல்வது காரணத்தோடுதான். வேகமாகச் சுற்றினால் மோட்டர் ஒரு டைனமோவாகி, ட்ரைவருக்குள் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும். முழு நீளத்துக்கும் ஒரே இலகுவாகச் சுற்றுகிறதா? ஒரு கரையில் மட்டும் இறுகினால் வழிகாட்டிக் கம்பிகள் இரண்டும் சமாந்தரமாக இல்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை இறுகி இளகினால் தண்டு வளைந்திருக்கிறது. எங்குமே கனமாக இருந்தால் தூசியும் எண்ணெயும்.

எமது மக்களுக்கு இயந்திரம் என்றாலே எண்ணெய் விடும் பழக்கம் உண்டு. நல்ல பழக்கம்தான். ஆனால் மரத்தூள் பறக்கும் இடத்தில் திருகுத்தண்டுக்குத் தாராளமாக எண்ணெய் விட்டால், தூளும் எண்ணெயும் சேர்ந்து களியாகிச் சுரையினுள் அடைந்துவிடும். புழுதி வயலில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பழைய பல்தூரிகையால் தண்டின் புரிகளைச் சுத்தம் செய்து, எண்ணெய் தொட்ட துணியால் ஒரு முறை துடைத்துவிட்டால் போதுமானது.

மோட்டரின் வலு

ஸ்டெப்பர் மோட்டரின் இயல்பொன்றை விளங்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். அது மெதுவாகச் சுழலும்போது வலுவாக இருக்கும். வேகம் கூடக் கூட வலு குறையும். ஏனெனில் ஒவ்வோர் அடிக்கும் சுருளில் மின்னோட்டம் ஏறி நிறைவதற்கு நேரம் வேண்டும். வேகமாகத் துடிப்புக்கள் வரும்போது மின்னோட்டம் நிறைவதற்கு முன்னரே அடுத்த துடிப்பு வந்துவிடுகிறது. 12 வோல்ற்றைவிட 24 வோல்ற்றில் இது வேகமாக நிறையும் என்பதால்தான் 24 வோல்ற் அடப்டர் தருகிறார்கள். ஆகவே, மெல்ல வெட்டும்போது நன்றாக வேலை செய்த இயந்திரம் வெட்டாமல் வெறுமனே விரைந்து போகும்போது அடி தவறினால் வியப்பதற்கில்லை. குற்றுக்கள் விலகிய பலகையிலும் நடந்தது அதுவே.

கிறபிளில் $110, $111, $112 என்பன ஒவ்வோர் அச்சுக்குமான உச்ச வேகங்கள், நிமிடத்துக்கு மில்லிமீற்றரில். $120, $121, $122 என்பன ஆர்முடுகல். வேகத்தை மட்டும் குறைத்துவிட்டு ஆர்முடுகலை மறந்துவிடுகிறவர்கள் பலர். நிறுத்தி வைத்த வண்டிலை ஒரே இழுப்பில் ஓட வைக்க மாடு படும் பாடுதான், திடீரெனப் புறப்படும் மோட்டரும் படுகிறது. சோதனைக்காக இரண்டையும் பாதியாகக் குறையுங்கள். பிழை மறைந்தால் மோட்டர் தன் வலுவின் விளிம்பில் வேலை செய்திருக்கிறது என்று பொருள். பின்னர் சிறிது சிறிதாகக் கூட்டி, எந்த எண்ணில் தவறுகிறது என்று கண்டு, அதிலிருந்து மூன்றிலொரு பங்கு கழித்து நிறுத்துங்கள். 1,500இல் தவறினால் 1,000க்கு மேல் வேண்டாம்.

சில போர்ட்டுகளில் ட்ரைவருக்குப் பக்கத்தில் மிகச் சிறிய திருகொன்று உண்டு. மோட்டருக்குப் போகும் மின்னோட்டத்தை அது தீர்மானிக்கிறது. ஏ4988 என்ற ட்ரைவரில், திருகில் அளக்கும் வோல்ற்றளவு, வேண்டிய அம்பியரையும் 8ஐயும் பக்கத்திலுள்ள சிறு தடையியின் பெறுமானத்தையும் பெருக்கி வருவது. தடையியில் ஆர்100 என்று எழுதியிருந்தால் அது 0.1 ஓம், 1 அம்பியருக்கு 0.8 வோல்ற். ஆர்050 என்றிருந்தால் அதே 1 அம்பியருக்கு 0.4 வோல்ற்தான். தடையியைப் பார்க்காமல் அடுத்த வீட்டு இயந்திரத்தின் எண்ணை இங்கே வைத்தால் மோட்டர் ஒன்றில் சோர்ந்துபோகும், அல்லது வெந்துபோகும். மோட்டரில் எழுதியுள்ள அம்பியரைத் தாண்ட வேண்டாம். மின்னோட்டம் கூடினால் ட்ரைவர் சூடாகி, தன்னைக் காப்பதற்காகத் தானே நின்று, ஆறியதும் மறுபடி தொடங்கும். அந்த இடைவெளியில் போன அடிகள் போனவைதான். வேலை தொடங்கி அரை மணிநேரம் கழித்தே பிழை வருமானால், அதுவும் தகரக் கூரையின் கீழ் நண்பகலில் வருமானால், இதைச் சந்தேகித்து ஒரு சிறு மின்விசிறியைப் போர்ட்டின் மேல் ஊத விடுங்கள்.

ஓர் எச்சரிக்கை: மின்சாரம் உள்ளபோது மோட்டரின் வயரை ஒருபோதும் கழற்றவோ பூட்டவோ கூடாது. அந்த நொடியில் எழும் மின்பொறி ட்ரைவரைக் கொன்றுவிடும். பழுதில்லாத போர்ட்டைப் பழுது பார்க்கப் போய்ப் பழுதாக்கியவர்கள் உண்டு. நாமும் ஒரு தடவை அப்படிச் செய்தோம்.

மின்வழங்கலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வதானால், வெட்டும் மோட்டரும் நகர்த்தும் மோட்டர்களும் ஒரே அடப்டரிலிருந்தே உண்கின்றன. வெட்டலகு ஆழமாகக் கடிக்கும்போது மல்ரிமீற்றரை வைத்துப் பாருங்கள். 24 வோல்ற் என்பது 20க்குக் கீழே இறங்கினால் அடப்டரே போதாது. மோட்டர் நகராமல் நடுங்கி இரைந்தால் வயர் வளையும் இடத்தில் உள்ளே அறுந்திருக்கலாம். அதை வளைத்து வளைத்து ஓம் அளந்தால் தெரிந்துவிடும்.

மோட்டர் ஓய்வெடுக்கும்போது

$1 என்ற எண்ணை அநேகர் கவனிப்பதில்லை. அது 25 என்று இருந்தால், அசைவு நின்று 25 மில்லி விநாடிகளில் மோட்டர்களின் பிடி விடப்படும். பிடி விட்ட நேரத்தில் அதிர்வினாலோ கை பட்டோ தண்டு சிறிது அசைந்தால் நிரலுக்கு அது தெரியாது. மேலும் கீழும் அசையும் அச்சு தன் பாரத்தாலேயே இறங்கவும் கூடும். $1ஐ 255 ஆக்கினால் வேலை முடியும் வரை பிடி விடாது. மோட்டர் சற்றுச் சூடாகும், பரவாயில்லை.

மேல்கீழ் அச்சில் இன்னொரு விசேடமுண்டு. இறங்குவது இலகு, ஏறுவதுதான் கடினம். ஆகவே ஏறும்போது அடி தவறி, இறங்கும்போது தவறாது. விளைவாக வேலை போகப் போக வெட்டு ஆழமாகிக்கொண்டே வரும். அந்த அச்சுக்கு மட்டும் வேகத்தையும் ஆர்முடுகலையும் மற்றவற்றைவிடக் குறைவாக வைப்பது நல்லது. ஆனால் அதே அடையாளம் இன்னொரு காரணத்தாலும் வரும். மரத்தூளை மேலே தள்ளும் வகையான வெட்டலகு, கொலெட் சரியாக இறுகாவிட்டால் தன்னைத்தானே கீழே இழுத்துக்கொள்ளும். கொலெட்டைக் கழற்றி உள்ளே படிந்த தூளைத் துடைத்து, வெட்டலகின் தண்டில் கொலெட்டின் விளிம்போடு ஒரு பேனைக் கோடு போட்டுவிட்டு வெட்டுங்கள். கோடு கீழே இறங்கியிருந்தால் மோட்டரைக் குறைகூற வேண்டாம்.

பலகையே நகர்ந்துவிடுவதும் உண்டு. இரு பக்கப் பசை நாடாவால் ஒட்டி வெட்டுபவர்கள் பலகையின் ஓரத்தை மேசையில் பென்சிலால் வரைந்து வையுங்கள். மழுங்கிய வெட்டலகு, ஒரே முறையில் அதிக ஆழம், முடிச்சுள்ள மரம் ஆகியவை எந்த நல்ல மோட்டரையும் நிறுத்திவிடும். கடினமான மரத்தில் அரை மில்லிமீற்றராகப் பல முறை வெட்டினால் நேரம் கூடும், பலகை தப்பும்.

ஊர்ந்து வரும் பிழைக்கு இன்னொரு காரணத்தையும் சொல்லி வைக்கிறோம், பெரிய இயந்திரத்துக்குத் தனி ட்ரைவர்ப் பெட்டி வைத்திருப்போருக்காக. அப்பெட்டிகளுக்கு, திசை மாறப்போகிறது என்ற சமிக்ஞை, அடிக்கான துடிப்புக்குச் சில மைக்கிரோ விநாடிகள் முன்னதாகவே வந்துவிட வேண்டும். இரண்டும் ஒன்றாக வந்தால் திசை மாறும் வேளைகளில் ஒரு நுண்ணடி பிசகக் கூடும். ஓரிரண்டு திருப்பங்களில் தெரியாது. ஆயிரக்கணக்கில் திரும்பும் செதுக்கு வேலையில் தெரியும். நேர்கோடுகளில் சரியாகவும் நுணுக்கப் பூவேலைகளில் பிழையாகவும் வருமானால் இதுவாக இருக்கலாம். $2 என்ற எண்ணால் துடிப்பின் முனையை மாற்றிப் பார்ப்பது ஒரு வழி.

கடதாசிச் சோதனை

இவ்வளவையும் மரத்தில் செய்து பார்த்தால் மரம்தான் வீண். பழைய அப்பியாசக் கொப்பியின் கடதாசி ஒன்றை மேசையில் ஒட்டி, வெட்டலகுக்குப் பதிலாகக் கூரான பென்சிலொன்றைப் பூட்டி, வெட்டும் மோட்டரை ஓட விடாமல் வைத்திருங்கள். ஒரு புள்ளி குத்துங்கள். பென்சிலை உயர்த்தி, ஒரே அச்சில் 100 மில்லிமீற்றர் தூரத்தை உச்ச வேகத்தில் 50 தடவை போய் வரச் செய்யுங்கள். பின் அதே இடத்தில் மீண்டும் குத்துங்கள். புள்ளிகள் ஒன்றின் மேலொன்று விழுந்தால் அந்த அச்சு அந்த வேகத்தில் நம்பத்தக்கது. பிறகு அடுத்த அச்சு. பின்னர் வெட்டும் மோட்டரையும் வெறுமனே சுழல விட்டு மறுபடி செய்யுங்கள். அதிர்வாலோ மின்வழங்கலாலோ வரும் பிழை அப்போது வெளிப்படும். வெறும் ஓட்டத்தில் எல்லாம் சரியாக இருந்து மரத்தில் மட்டும் தவறினால், வெட்டும் ஆழத்திலும் வெட்டலகிலும் தேடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். மாற்றியதைக் கொப்பியில் திகதியுடன் எழுதுங்கள். நான்கை ஒன்றாக மாற்றிப் பழுது தீர்ந்தால், எதனால் தீர்ந்தது என்று தெரியாது. அடுத்த முறை அதே நான்கையும் செய்யவேண்டி வரும்.

அந்த மூன்று குடும்பங்களின் இயந்திரத்தை மறுநாள் கொண்டுவரச் செய்து இப்படித்தான் பார்த்தோம். பேனைக் கோடு உடையவில்லை. கடதாசியில் புள்ளிகள் விலகின. வேகத்தைப் பாதியாக்கியதும் ஒன்றாகின. தண்டைக் கையால் சுற்றியபோது வலது கரையில் விரல் நோகுமளவுக்கு இறுக்கம். சுரையைக் கழற்றினால் உள்ளே கறுத்த களி. அத்துடன், இளக்கத்தை நீக்குவதற்காகச் சுரைகள் இரண்டுக்கும் இடையில் வைக்கப்பட்டுள்ள சுருள்வில்லின் பின்னால் வாசர்கள் மூன்று. வட்டங்கள் சற்று முட்டை வடிவாக வருகின்றன என்று, முதல் வாரம் வீட்டில் ஒருவர் வில்லை இறுக்குவதற்காக அவற்றைப் போட்டிருந்தார். சேர்ந்துகொண்டே போகாத சிறு குறையை நீக்கப் போய், மோட்டர் தாங்க முடியாத உராய்வை உண்டாக்கிவிட்டார். வில் மெல்ல அமுங்கி நின்றாலே அதன் வேலை முடிந்தது.

வாசர்களில் இரண்டைக் கழற்றினோம். களியைக் கழுவினோம். உச்ச வேகத்தை 1,000க்குக் குறைத்தோம். புள்ளிகள் ஐம்பது தடவைக்கும் ஒன்றின் மேலொன்று விழுந்தன. கெட்ட பலகையின் பின்பக்கத்தைச் சீவி, அதிலேயே 'விஞ்ஞான ஆய்வுகூடம்' என்று மறுபடி வெட்டினோம். குற்றுக்கள் தத்தம் எழுத்துக்களின் தலையில் அமர்ந்தன. மீதி ஒன்பது பலகைகளையும் அவர்கள் ஊரிலேயே வெட்டி முடித்தார்கள். கழற்றிய வாசர்கள் இரண்டும் எமது மேசை லாச்சியில் கிடக்கின்றன.